வலது பக்கத்து நாற்காலிகள்

மேடைக்கு வலது பக்கம் உட்காருகிறவர்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று ஐந்தாறு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் ஒரு ஜோக் சொன்னால் இடது பக்கம் கொஞ்சம் சிரிக்கும். நடுப்பகுதி, இடது பக்கம் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கும். வலது பக்கம் மட்டும் பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆட்டம் தொடங்கிவிட்டால் அதே ஆட்கள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். நான் வாயைத் திறந்தால் தங்களுக்குள் திரும்பிக்கொள்வார்கள். யாரோ பெரிய உத்தியோகஸ்தர்களின் குடும்பங்கள் போலிருக்கிறது, சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களாக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் பார்த்து ஜோக் சொல்வதையே நிறுத்திவிட்டேன். யார் இவர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு என் கையில் மைக் இருந்ததே தவிர, நேரம் இருக்கவில்லை.

மேடையில் தொகுத்து வழங்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மைக்கை எப்படிப் பிடிப்பது, பெயர்களை எப்படி உச்சரிப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. நடு நிகழ்ச்சியில் பொறாமை வந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கேயும் கிடைக்காது. எனக்கு வந்தது. நான் என்ன செய்தேன் என்பதை மில்லர்புரம் முழுக்கப் பார்த்தது. முட்டி ஒத்துழைக்காமல் தொழிலை விட்டுவிட்ட இந்த நேரத்தில் அதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மைக் செட் சுடலைமணி சொல்லுவான், அவன் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி, துறைமுக ஊர். பிழைப்புக்கு வந்தவர்கள் சட்டி பானையோடு ஆட்டத்தையும் கொண்டு வந்தார்கள். வருடத்தில் ஒரு நாள், மில்லர்புரத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். பருப்பு வியாபாரம் செய்யும் குஜராத்திக் குடும்பங்கள் வட்டம் போட்டு கர்பா ஆடும். மலையாளப் பெண்கள் விளக்கைச் சுற்றித் திருவாதிரைக்களி ஆடுவார்கள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் மேளத்தோடு வருவார்கள். ஆலந்தலையிலிருந்து இளவட்டங்கள் கம்பு தட்டிக் களியல் ஆட வருவார்கள். கப்பல் ஏதாவது நின்றிருந்தால் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இரண்டு மூங்கிலைத் தரையில் தட்டி, நடுவில் காலை விட்டு எடுத்து ஆடிக் காட்டுவார்கள். இவர்கள் எல்லாருக்கும் நடுவில் ஒரு ஆள் பேசிக்கொண்டே இருப்பான். அது நான். கூட்டம் என்னைப் பார்க்கத்தான் வருகிறது, ஆட்டமெல்லாம் நான் மூச்சு வாங்குவதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது என் உள்மனசுக் கணக்கு.

அந்த வருடம் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் விழாத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் ஏற்றிக் கொடுக்கிறவர் அவர். எந்தக் கெட்ட செய்தியையும் கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொல்லுவார்.

"அண்ணாச்சி, அடுத்த வருசம் புது ஆளப் பாக்கலாமான்னு கமிட்டியில ஒரு பேச்சு ஓடுது. இந்தத் தடவ எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். சொல்லிவிட்டு அதே மூச்சில், "இது ரெஜினா. திரேஸ்புரத்துப் பிள்ள. இந்த வருசம் ஒங்க கூட மேடையில நிக்கும்" என்றார்.

ஒரு இளம்பெண் எழுந்து கும்பிட்டு, "வணக்கம் அங்கிள்" என்றது. எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. தலையில் முடி இல்லை என்பது உண்மைதான், அதற்காக அங்கிளா.

பிறகுதான் தலைவர் விளக்கினார். வலது பக்கம் உட்காருகிறவர்கள் காது கேளாதவர்கள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றிலிருந்து பிள்ளைகளும், பழைய மாணவர்களும், அவர்கள் குடும்பங்களும் வருடா வருடம் ஆட்டம் பார்க்க வருகிறார்கள். இந்த முறை அவர்கள் பிள்ளைகளே மேடையேறி ஒயிலாட்டம் ஆடப்போகிறார்கள். ரெஜினாவின் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்ற பெண். நான் சொல்வதையெல்லாம் அந்தப் பெண் கைமொழியில் அவர்களுக்குச் சொல்லும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் காது கேளாதவர்கள் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வெட்கம் ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. கிளாஸைக் கீழே வைக்கும்போது வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. புது ஆள் என்று தலைவர் சொன்னார். சொன்ன அடுத்த நொடி இந்தப் பெண்ணைக் காட்டினார். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாதா.

நிகழ்ச்சி அன்று வெயில் தாழ்ந்ததும் கூட்டம் நிறைந்தது. நான் இடது ஓரம் என் மைக்கோடு. ரெஜினா வலது ஓரம், கறுப்புச் சுடிதாரில், கையில் ஒன்றுமில்லாமல். என் முதல் ஜோக்கைப் போட்டேன். வருடா வருடம் போடுவது, ராசியான ஜோக். "தூத்துக்குடி மக்ரூன் வாய்க்குள் போனதும் காணாமல் போகும். எங்கள் தலைவர் பேச்சு வாயிலிருந்து வர ஆரம்பித்தால் தூண்டில் நரம்பு மாதிரி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும்."

இடது பக்கம் ஒருவர் இருமினார். நடுவில் ஒரு குழந்தை அழுதது.

ரெஜினாவைப் பார்த்தேன். ஐந்து விரலையும் மக்ரூன் மாதிரிக் கூம்பாகக் குவித்து வாயில் போட்டது. கண்ணை மூடியது. திறந்து, வெறும் கையை விரித்துக் காட்டி, எங்கே போச்சு என்பது போல் முழித்தது. அப்புறம் வாயிலிருந்து ஒரு நரம்பை இழுத்தது. இழுத்தது, இழுத்தது, முழங்கையில் சுற்றியது, இன்னும் இழுத்தது. வலது பக்கம் வெடித்தது. நாற்காலி சாய்கிற மாதிரிச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் பக்கத்து ஆளின் தொடையில் அடித்துச் சிரித்தார். தலைவரும் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், நான் சொன்னதைக் காதில் வாங்காமல், அவரைப் பற்றிய ஜோக் என்று தெரியாமலே.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மேடைக்காரனுக்கு மற்றவன் சம்பளத்தைப் பார்த்து வயிறு எரியாது, மற்றவன் சட்டையைப் பார்த்து எரியாது. மற்றவனுக்கு விழும் சிரிப்பைக் கேட்டால் எரியும். அதுவும் நம் ஜோக்குக்கு. இந்தப் பெண் நான் சொல்வதைச் சொல்லவில்லை, தன் சரக்கை எடுத்து விடுகிறது என்று முடிவு கட்டினேன். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது என்றும் தோன்றியது. வழுக்கையைப் பற்றி இருக்கலாம். கைமொழியில் வழுக்கையைக் காட்டுவது அப்படியொன்றும் கஷ்டமாக இருக்காது.

கவிழ்க்கிறேன் பார் என்று வேகத்தைக் கூட்டினேன். அந்தப் பெண் எனக்கு முன்பே முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தது. இலக்கியத்தில் இறங்கினேன். திருவாதிரைக்களியை அறிமுகப்படுத்தும்போது, நளினத்தின் நாயகியர், நாணத்தின் நதிகள், நிலவொளியை நெய்து உடுத்தியவர்கள் என்று மூச்சு முட்ட அடுக்கினேன். ரெஜினா முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. கையை ஒரே ஒரு தடவை அசைத்தது. பிறகு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்பது போல என்னைப் பார்த்தது. வலது பக்கம் தலையாட்டியது. அந்த அசைவுக்கு 'அழகாக ஆடுவார்கள்' என்று அர்த்தமாம், பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மூன்று வரியை ஒரு பெண் ஒரு கையால் துடைத்துப் போட்டுவிட்டது என்பதுதான்.

கர்பா நடந்துகொண்டிருந்தபோது சுடலைமணியிடம் போனேன். அவன் ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். என் குரலுக்கென்று வைத்திருந்த ஸ்பீக்கர் அது. அதை மேடைப் பலகை மேல் முகம் கவிழ்த்து வைத்தான்.

"என்னலே இது, எம் பெட்டிய எடுத்து இங்கன கவுத்து வைக்க" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ள கேட்டுச்சு, வச்சேன்."

"எதுக்குக் கேட்டுச்சு?"

"நாங் கேக்கல. நீரும் கேக்காதயும். நீரு சும்மாவே கத்துதீரு, ஒமக்குப் பெட்டி எதுக்குவே" என்றான்.

அங்கே நின்று அந்தப் பெண்ணிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் என்னைவிட அதற்கு அதிகம் தெரியும் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே.

அடுத்தது பள்ளிப் பிள்ளைகளின் ஒயிலாட்டம். எட்டுப் பெண்கள், காலில் சலங்கை, கையில் ஆளுக்கு இரண்டு வண்ணக் கைக்குட்டை. முதல் வரிசை நாற்காலிகளில் அவர்கள் அம்மாக்கள். இத்தனை வருடம் கீழே உட்கார்ந்து பார்த்த மேடை, முதல் தடவை மேலே ஏறுகிறார்கள். ரெஜினா தன் ஓரத்தை விட்டு இறங்கி, மேடைக்கு எதிரே நடுவில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, பிள்ளைகளைப் பார்த்து நின்றது. கூட்டத்துக்கு முதுகு. ஆகா, இப்போது நடு இடத்தையும் பிடித்தாயிற்றா என்று நினைத்தேன்.

பாட்டுத் தொடங்கியது. பிள்ளைகள் பிரமாதமாக ஆடினார்கள். ரெஜினா வலது கையை மார்பு உயரத்தில் வைத்துச் சின்னதாக அசைத்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் ஒரே வீச்சில் கைக்குட்டையை விசிறினார்கள். என் வாழ்நாளில் கூட்டத்தில் எட்டுப் பேரை ஒரே நேரத்தில் கைதட்ட வைத்ததில்லை நான்.

அப்போது கரண்ட் போனது.

பாட்டு நின்றது. ஸ்பீக்கர் அணைந்தது. என் மைக் செத்தது. பின்னால் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. சுடலைமணி அதைத் திட்டிக்கொண்டு ஓடுவது கேட்டது. பகல் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அத்தனை பெரிய மைதானம் அமைதியாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு தொகுப்பாளனுக்கு என்ன ஆகும் தெரியுமா? அமைதி என்றால் அவனுக்குத் தன் வீடு தீப்பிடித்த மாதிரி. மேடை செத்துப்போச்சு, யாராவது பேச வேண்டும், பேச வேண்டியவன் நான். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைக்க மாட்டேன். தலைவர் முன்வரிசையில் இருக்கிறார். மைக் இல்லாமலே கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவன் எவன் என்று இப்போது பார்க்கட்டும். செத்த மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் மேலேயே கண்ணை வைத்து, தட்தட்டென்று நடுமேடைக்கு ஓடினேன். என் எடை அப்போது கொஞ்சம் அதிகம். நடுவில் நின்று, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று கத்தினேன்.

கூட்டம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தது. திரும்பினேன். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தியிருக்கவே இல்லை. பாட்டு நின்ற பிறகும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் ஓடி வந்த பிறகுதான் குலைந்திருக்கிறது. ஓரத்தில் ஆடிய இரண்டு பேர் தப்பான பக்கம் திரும்பியிருந்தார்கள். நடுவில் இருந்த பெண், தலைமையாக ஆடுகிறவள், கையைத் தூக்கியபடியே நின்று, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டி என்னைத் தாண்டி எதையோ பார்க்க முயன்றாள். அவள் முகம் அழப் போவது போலிருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

மேடையை விட்டு ஓடிவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். அந்த அடிக்கு ஓரத்துப் பெண் மறுபடி திரும்பினாள். இன்னொரு அடி வைத்தேன், அடுத்தவள் திரும்பினாள்.

ரெஜினா கையை அசைப்பதை நிறுத்தாமல், கத்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னது: "அங்கிள், அப்படியே உக்காருங்க. நடக்காதீங்க. ஒங்க காலு அவங்களுக்குத் தாளமா விழுது."

அப்போதுதான் சுடலைமணி கவிழ்த்து வைத்த ஸ்பீக்கர் பெட்டி எதற்கென்று எனக்குப் புரிந்தது. பலகையின் அதிர்வைக் காலால் வாங்கித்தான் அந்தப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். கரண்ட் போனதும் அதிர்வு நின்றது, எட்டுப் பேரும் கண்ணை ரெஜினாவின் கையில் வைத்து ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்குள் நான் ஓடி வந்து அந்தக் கையை மறைத்து நின்றுகொண்டு, பலகையை வேறு மிதித்து வேறொரு தாளம் போட்டிருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் நடுவில் புகுந்து இன்னொரு பாட்டுப் பாடியவன் நான்.

உட்கார்ந்தேன். சொல்வது சுலபம். முட்டி என்னுடையது. ஒரு கையைப் பலகையில் ஊன்றி, வேட்டியைக் காலுக்குள் திணித்து, பூனை மாதிரிச் சத்தம் போடாமல் நடுமேடையில் சம்மணம் போட்டேன். தலைமைப் பெண்ணின் கண் என் தலைக்கு மேலாக ரெஜினாவின் கையைப் பிடித்தது. அவள் கைக்குட்டை விசிறியது. ஒருத்தி சேர்ந்தாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் எட்டுப் பேரும்.

நான் நடுவில், அவர்கள் சுற்றி. கொலுவில் இடம் மாற்றி வைத்த செட்டியார் பொம்மை மாதிரி அசையாமல் இருந்தேன். ஒரு சிவப்புக் கைக்குட்டை ஒவ்வொரு சுற்றிலும் என் வழுக்கையைத் துடைத்துவிட்டுப் போனது. பாட்டு இல்லாத ஆட்டத்தின் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். சலங்கை, பாதம், துணி காற்றை வெட்டுவது, மூச்சு. ஆலந்தலைப் பையன்களில் ஒருவன் உதவி செய்கிறேன் என்று கம்பைத் தட்டப் போக, பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் மாலுமி அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். அவனுக்குத் தமிழ் தெரியாது, விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த நிலையிலும் எனக்குப் பொறாமை போகவில்லை. இத்தனை வருட மைக்கால் முடியாததை ஒரு உள்ளங்கை செய்துகொண்டிருந்தது, நான் அதற்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்தது. பிள்ளைகள் கும்பிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. இரண்டு முட்டியும் பூட்டிக்கொண்டன. யாராவது தூக்கிவிடுங்கள் என்று இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினேன். அதே நேரம் வலது பக்கத்தில் எல்லாரும் எழுந்து, இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். கூட்டம் அவர்களைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று மைதானம் முழுவதும் கையைத் தூக்கி ஆட்டியது. சத்தமே இல்லாமல் அத்தனை கை. முன்வரிசையில் எழுந்து நின்ற அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கியபடியே அழுதாள். ஆலந்தலைப் பையன்கள் இரண்டு பேர் வந்து என் கக்கத்தில் கையைக் கொடுத்து என்னை நிறுத்தினார்கள்.

கரண்ட் வந்த பிறகு தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். "நடுவுல உக்காந்து கையத் தூக்குனீங்க பாருங்க அண்ணாச்சி, நல்ல ஐடியா" என்றார். நான் மறுக்கவில்லை, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். "அடுத்த வருசமும் நீங்க வாங்க. ஆனா அந்தப் பிள்ள நடுவுல நிக்கட்டும், நீங்க ஓரத்துல நில்லுங்க. அதுக்குக் குறுக்க மட்டும் போவாதீங்க" என்றார். தொழிலை விடும் வரைக்கும் அந்த ஓரத்தில்தான் நின்றேன். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: மேடையில் ஏறுமுன் யார் யாரைப் பார்த்து ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். சத்தம் நின்றால் உடனே வாயைத் திறக்காதீர்கள், மேடை உண்மையாகவே செத்துவிட்டதா என்று முதலில் திரும்பிப் பாருங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.

எல்லாம் முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா மீன் பெட்டியில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். உட்காரவில்லை, அன்றைக்கு உட்கார்ந்தது போதும்.

"ஏம்மா, அந்த மக்ரூன் ஜோக்குக்கு நீ அவங்கட்ட என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான் அங்கிள்."

"வேற ஒண்ணும் சேக்கலியா?"

"சேக்கக் கூடாது அங்கிள். எங்க வேலையில அது தப்பு."

"அப்ப அவங்க மட்டும் ஏன் அப்படிச் சிரிச்சாங்க? இந்தப் பக்கம் ஒரு ஆளு சிரிக்கலியே."

ரெஜினா பஜ்ஜியை மென்று முடித்தது.

"இந்தப் பக்கம் இருக்கவங்க அத வருசா வருசம் கேக்காங்கல்லா அங்கிள். அவங்க இன்னைக்குத்தான கேக்காங்க" என்றது.

நடந்தது அவ்வளவுதான். அந்த ஜோக்கை நான் முதன்முதலில் சொன்ன வருடமும் அவர்கள் அதே வலது பக்கத்து நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அன்று வரைக்கும் யாரும் அதை அவர்களுக்குச் சொல்லவில்லை.